இஃப் போட்டால் ஆர் ஏன் அடம் பிடிக்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் தெருவுக்கு ஒரு வானிலை ஆய்வாளர் முளைத்துவிடுவார். நான் சம்பளத்துக்கே அந்த வேலை பார்க்கிறவள். தரமணியில் ஒரு சின்ன அலுவலகம், மழை அளவு எழுதிய எக்செல் தாள்கள் வந்து விழும், அவற்றை ஆர் என்கிற புள்ளியியல் நிரல்மொழியில் ஏற்றி எங்கே கனமழை, எங்கே மிக கனமழை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கேட்டால் ஒரு இஃப் (இப்படி இருந்தால்), ஒரு எல்ஸ் (இல்லாவிட்டால்), அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என் மேசைக்கு வந்து நிற்பது முக்கால்வாசி இந்த இஃப்பால்தான். அதனால் வந்த அறிகுறிகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உதாரணம் முழுக்க மழைதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை. நாள் கணக்கு நள்ளிரவில் மாறாது, காலை 8.30க்குத்தான் மாறும். ஆர் மொழிச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதுகிறேன், கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். இஃப் தகராறு செய்தால் முழு வரியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கிற நிபந்தனையை மட்டும் சுட்டியால் தேர்ந்தெடுத்து, ஆர் எழுதுகிற மென்பொருளான ஆர்ஸ்டூடியோவில் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். கீழே என்ன வருகிறது? இஃப்புக்கு வேண்டியது ஒரே ஒரு ட்ரூ அல்லது ஒரே ஒரு ஃபால்ஸ். உங்களுக்கு வந்தது ஏழு ட்ரூவா, ஒன்றுமே இல்லாத வெறுமையா, என்ஏவா (மதிப்பு தெரியாது) என்று பார்த்த உடனே பாதி வியாதி தெரிந்துவிடும். ஆர் மொழியில் ஒரு எண் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே வரிசைதான், ஒற்றை எண் என்பது நீளம் 1 உள்ள வரிசை. இஃப்தான் அந்த ஊரில் ஒற்றை ஆளாக வரச்சொல்லிக் கதவில் நிற்கிற காவலாளி.

“தி கண்டிஷன் ஹேஸ் லெங்த் > 1” என்று சிவப்பில் வருகிறது

“அக்கா, நேத்து வரைக்கும் ஓடின கோட் இன்னைக்கு ஓடல. நான் ஒரு எழுத்து கூட மாத்தல.”

கேட்டது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பொய் சொல்லவில்லை. அவள் மாற்றவில்லை, அவளுடைய கணினிதான் மாறியிருந்தது. பழைய மடிக்கணினியில் இருந்தது ஆர் 4.1, புதியதில் அதற்குப் பிந்தைய பதிப்பு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0க்கு முன்பு வரைக்கும் இஃப்புக்குள் ஒரு முழு நெடுவரிசையைக் கொடுத்தால் ஆர் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு முதல் உறுப்பை மட்டும் பார்த்து வேலையை முடித்துவிடும். 4.2.0 முதல் அது பிழை, நிரல் அங்கேயே நின்றுவிடும்.

அவள் எழுதியிருந்தது இது (தாள்$மழை என்றால் தாளில் உள்ள மழை நெடுவரிசை, <- என்றால் அதற்குள் போடு):

இஃப் (தாள்$மழை >= 64.5) தாள்$வகை <- "கனமழை" எல்ஸ் தாள்$வகை <- "சாதாரணம்"

தாளில் ஏழு நிலையங்கள். நிபந்தனையை மட்டும் ஓட்டச் சொன்னேன், ஏழு விடை வந்தது. முதல் வரி நுங்கம்பாக்கம். யோசித்துப் பாருங்கள், பழைய கணினியில் இத்தனை நாளும் என்ன நடந்தது? நுங்கம்பாக்கத்தில் கனமழை என்றால் ஏழு நிலையத்துக்கும் கனமழை, நுங்கம்பாக்கம் காய்ந்து கிடந்தால் தாம்பரமும் காய்ந்தது. “அப்போ நேத்து வரைக்கும் ஓடினதும் தப்பாக்கா?” என்று கேட்டாள். ஆமாம், தப்பாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பதிப்பு செய்தது உபகாரம்.

தீர்வு, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி விடை வேண்டுமென்றால் இஃப் அல்ல, இஃப்எல்ஸ்:

தாள்$வகை <- இஃப்எல்ஸ்(தாள்$மழை >= 64.5, "கனமழை", "சாதாரணம்")

ஏழில் ஒன்றிலாவது கனமழை பெய்ததா என்ற ஒற்றைக் கேள்வி என்றால் எனி( ), எல்லாவற்றிலும் பெய்ததா என்றால் ஆல்( ), அதை இஃப்புக்குள் வையுங்கள். “பழையபடி ஓடினால் போதும்” என்று நெடுவரிசைக்குப் பின்னால் [1] போட்டு வாயை அடைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நுங்கம்பாக்கத்தை மறுபடியும் முதலமைச்சராக்குவது.

இதற்கு ஒரு தம்பி உண்டு. && மற்றும் || என்ற இரட்டைக் குறிகளும் ஒற்றை விடைக்கானவை. 4.3.0 முதல் அவற்றுக்கு நீளமான வரிசையைக் கொடுத்தாலும் பிழைதான், செய்தி மட்டும் வேறு மாதிரி இருக்கும், “லெங்த் = 7 இன் கொயர்ஷன் டு லாஜிக்கல்(1)” என்கிற தோரணையில். நெடுவரிசை என்றால் ஒற்றை & அல்லது ஒற்றை |. இஃப்புக்குள் என்றால் இரட்டை. இரட்டைக் குறிக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

“மிஸ்ஸிங் வேல்யூ வேர் ட்ரூ/ஃபால்ஸ் நீடட்”

இது என்ஏ. காலியாக விட்ட கட்டம். மழைமானியைப் பார்க்கிறவர் அன்றைக்கு வரவில்லை, அல்லது வந்தார், எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் 64.5க்கு மேல் மழையா என்று கேட்டால் நேர்மையான பதில் “தெரியாது”, ஆர் அதைத்தான் சொல்கிறது. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டோடு என்ஏ என்று மூன்றாவது விடையும் இருக்கிற மொழி இது. இஃப்பால் அந்த மூன்றாவதை ஜீரணிக்க முடியாது.

இங்கே எல்லோரும் முதலில் செய்வது இஃப் (மழை == என்ஏ) என்று எழுதுவது. அதுவும் அதே பிழையைத்தான் தரும், ஏனென்றால் தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்குச் சமமா என்றால் அதுவும் தெரியாதுதான். கேட்க வேண்டிய விதம் இஸ்.என்ஏ(மழை).

ஒற்றை மதிப்பு என்றால் இப்படி:

இஃப் (!இஸ்.என்ஏ(மழை) && மழை >= 64.5) பிரிண்ட்("கனமழை")

நான் சொன்ன நல்ல குணம் இதுதான். && இடப்பக்கம் ஃபால்ஸ் என்றதும் வலப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் காவல் போடும் நிபந்தனையை எப்போதும் இடப்பக்கம் வையுங்கள். இன்னொன்று, ஃபால்ஸ் & என்ஏ என்றால் விடை ஃபால்ஸ், ட்ரூ | என்ஏ என்றால் ட்ரூ. தெரியாத கட்டத்தில் என்ன இருந்தாலும் முடிவு மாறாது என்றால் ஆர் முடிவைச் சொல்லிவிடுகிறது, ட்ரூ & என்ஏ, ஃபால்ஸ் | என்ஏ என்றால் கையை விரித்துவிடும். ஏழு நிலையத்தில் எனி( ) கேட்டால் ஒன்றில் கனமழை உறுதியானாலே ட்ரூ வந்துவிடும், மற்ற ஆறில் எத்தனை காலிக் கட்டம் இருந்தாலும் சரி. எதிலும் இல்லை, ஒன்று காலி என்றால் என்ஏ வரும். இதில் என்ஏ.ஆர்எம் = ட்ரூ போட்டுக் காலியை ஒதுக்கலாம், ஆனால் ஒதுக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இஸ்ட்ரூ( ) என்று ஒன்று இருக்கிறது, என்ஏ, வெறுமை, நீளமான வரிசை, எதைக் கொடுத்தாலும் ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். பிழை வராது. வசதிதான். ஆனால் மழைக் கணக்கில் நான் அதைத் தொடுவதில்லை, “தெரியாது” என்பதை “இல்லை” என்று எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். நான் செய்த பாவத்தையே சொல்கிறேன், அது இஸ்ட்ரூ கூட இல்லை, ஆரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற டிப்ளையர் தொகுப்பின் கேஸ்_வென்:

கேஸ்_வென்(
  மழை >= 204.5 ~ "அதி கனமழை",
  மழை >= 115.6 ~ "மிக கனமழை",
  மழை >= 64.5 ~ "கனமழை",
  ட்ரூ ~ "குறிப்பிடும்படி மழை இல்லை")

பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது. கேஸ்_வென் மேலிருந்து கீழே ஒவ்வொரு நிபந்தனையாகப் பார்க்கும், என்ஏ வந்தால் அதை ஃபால்ஸ் மாதிரி எண்ணிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும், கடைசியில் ட்ரூ என்ற வலையில் எல்லாம் வந்து விழும். அன்றைக்கு ஒரு நிலையத்தின் கட்டம் காலி. என் அட்டவணை அதை “குறிப்பிடும்படி மழை இல்லை” என்று அச்சடித்துவிட்டது. மறுநாள் காலை ஒருவர் போன் செய்து, “மேடம், எங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி நிக்குது, நீங்க மழையே இல்லங்கறீங்க” என்றார். கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். அதுதான் இன்னும் உறைத்தது.

அன்றிலிருந்து என் கேஸ்_வென்னின் முதல் வரி எப்போதும் இதுதான்:

இஸ்.என்ஏ(மழை) ~ "பதிவு இல்லை"

டிப்ளையர் 1.1.0 முதல் கடைசி ட்ரூவுக்குப் பதிலாக .டிஃபால்ட் = என்று எழுதலாம், படிக்கச் சுலபம், ஆனால் என்ஏவை அதுவும் அதே மாதிரி விழுங்கும். எழுத்து மாறியதே தவிர வலை அதே வலை.

“ஆர்குமென்ட் இஸ் ஆஃப் லெங்த் ஜீரோ”

நிபந்தனையை மட்டும் ஓட்டினால் லாஜிக்கல்(0) என்று வரும். விடை தப்பு என்பதைவிட, விடையே இல்லை என்று அர்த்தம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நெடுவரிசைப் பெயரைத் தப்பாக அடித்திருப்பீர்கள், இல்லாத நெடுவரிசையை $ போட்டுக் கேட்டால் சாதாரண டேட்டா ஃபிரேம் (ஆர் தாளை வைத்துக்கொள்கிற வடிவம்) கத்தாமல் நல், அதாவது வெறுமை, என்று கொடுத்துவிட்டுப் போகும். அல்லது வடிகட்டியதில் ஒரு வரியும் மிஞ்சவில்லை. அல்லது யாரோ == நல் என்று எழுதியிருக்கிறார்கள், அதற்கு இஸ்.நல்( ) இருக்கிறது.

முதலாவதில் ஒரு உள்குத்து: $ பெயரின் முன்பாதியை மட்டும் கொடுத்தாலும், அது ஒரே ஒரு நெடுவரிசைக்குத்தான் பொருந்துகிறது என்றால், சத்தமில்லாமல் எடுத்துக்கொடுத்துவிடும். இன்றைக்கு வேலை செய்கிற அரைப்பெயர், நாளைக்கு அதே முன்பாதியில் இன்னொரு நெடுவரிசை சேர்ந்ததும் நல் ஆகிவிடும். டிபிள் என்கிற இன்னொரு வகைத் தாள் இந்த விளையாட்டெல்லாம் ஆடாது, பெயர் இல்லையென்றால் எச்சரிக்கும். எனக்கு டிபிள் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

“அன்எக்ஸ்பெக்டெட் எல்ஸ்”

எல்ஸ் புதிய வரியில் தொடங்குகிறது, அதுதான் குற்றம். ஆர் வரி வரியாகப் படிக்கிறது, இஃப் பகுதி } என்று முடிந்ததும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று ஓட்டிவிடுகிறது, அப்புறம் தனியாக வருகிற எல்ஸ் அதற்கு அனாதை. } எல்ஸ் { என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஃபங்ஷனுக்குள் இருந்தால் புது வரியில் எழுதினாலும் ஓடும், வெளியே இருக்கிற { இன்னும் மூடாததால் ஆர் பொறுமையாக இருக்கும். “ஃபங்ஷன்ல ஓடுது, வெளிய எடுத்தா ஓடல” என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கூடவே இரண்டு இலக்கணப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி 64.5 <= மழை < 115.6 என்று எழுதினால் இரண்டாவது குறியிலேயே ஆர் நின்றுவிடும். மழை >= 64.5 & மழை < 115.6 என்று பிரித்து எழுத வேண்டும். அதே மாதிரி நிலையம் == "போரூர்" | "கிண்டி" என்பது பேச்சு வழக்கில் சரி, ஆர் மொழியில் பிழை, ஏனென்றால் "கிண்டி" என்ற சொல் தனியாக நின்றால் அது உண்மையா பொய்யா என்று யாருக்குத் தெரியும்?

பிழையே வரவில்லை, ஆனால் 9 மி.மீ. பெய்த ஊருக்குக் கனமழை என்கிறது

சிவப்பு எழுத்து வருகிற வரைக்கும் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். இனி வருவதெல்லாம் சத்தமில்லாத ரகம்.

9 மி.மீ. கனமழை, 115.6 மி.மீ. சாதாரணம். இப்படித் தலைகீழாக வந்தால் உடனே கிளாஸ்(தாள்$மழை) ஓட்டிப் பாருங்கள், கேரக்டர் (எழுத்து) என்று வரும். எண் நெடுவரிசையில் யாரோ ஒரு கட்டத்தில் “தூறல்” என்றோ ஒரு கோடோ போட்டு வைத்திருப்பார்கள், அந்த ஒரு கட்டத்துக்காக மொத்த நெடுவரிசையும் எழுத்தாக மாறிவிடும். எழுத்தோடு 64.5ஐ ஒப்பிட்டால் ஆர் 64.5ஐயும் எழுத்தாக்கி அகராதி வரிசையில் ஒப்பிடும். அகராதியில் 9 என்பது 6க்குப் பின்னால், 1 என்பது 6க்கு முன்னால். அவ்வளவுதான் கதை.

ஆஸ்.நியூமெரிக்( ) போட்டால் எண்ணாகும், எண்ணாக முடியாதவை எச்சரிக்கையோடு என்ஏ ஆகும். அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டுப் போகாமல், எந்தெந்த எழுத்துகள் என்ஏ ஆயின என்று ஒருமுறை யூனிக்( ) போட்டுப் பாருங்கள். “தூறல்” என்றால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்த மழை, அது பூஜ்ஜியத்துக்கு அருகில். கோடு என்றால் பதிவு இல்லை. இரண்டும் ஒரே என்ஏவாகிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, முதலிலேயே பிரித்துவிட வேண்டும். நெடுவரிசை எழுத்தாக இல்லாமல் ஃபேக்டராக (எண் போட்ட வகைப் பட்டியலாக) இருந்தால் இன்னும் மோசம், ஆஸ்.நியூமெரிக் அதன் உள்வரிசை எண்ணைக் கொடுத்துவிடும், 1, 2, 3 என்று. முதலில் ஆஸ்.கேரக்டர், அப்புறம் ஆஸ்.நியூமெரிக். 4.0.0க்கு முந்தைய ஆர் பதிப்புகள் எழுத்து நெடுவரிசையைப் படிக்கும்போதே ஃபேக்டராக்கிவிடும், பழைய நிரல்களில் இது அதிகம் கண்ணில் படும்.

அதி கனமழை என்ற வகையே வருவதில்லை

2015 டிசம்பர் 1ஆம் தேதித் தாளைக் கொடுத்தேன், அன்றைக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. அது வெறும் “கனமழை” என்று வந்தால் எங்கேயோ உதைக்கிறது என்று சென்னைக்காரருக்கு நிரலைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

முதல் சந்தேகம் அலகு. 49 என்று செ.மீ.யில் இருக்கிற எண்ணை 64.5 மி.மீ.யோடு ஒப்பிட்டால் கனமழை கூட வராது. அலகு சரி என்றால் நிபந்தனை வரிசை. முதல் வரியில் மழை >= 64.5 என்று எழுதிவிட்டால் 490 மி.மீ.யும் அதற்குப் பொருந்தும், முதலில் பொருந்தியதே முடிவு, கீழே இருக்கிற 204.5 வரிக்கு யாரும் போய்ச் சேர மாட்டார்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குங்கள்.

இஃப்எல்ஸுக்குள் இஃப்எல்ஸ் என்று நான்கு அடுக்கு எழுதி, கடைசியில் எத்தனை ) போடுவது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது, இது நிபந்தனை வேலையே இல்லை, எண்களை எல்லைகளில் வெட்டி வகுப்பாகப் பிரிக்கிற கட்( ) வேலை:

கட்(மழை, பிரேக்ஸ் = சி(0, 2.5, 15.6, 64.5, 115.6, 204.5, இன்ஃப்), ரைட் = ஃபால்ஸ்)

ரைட் = ஃபால்ஸ் முக்கியம். போடாவிட்டால் சரியாக 64.5 பெய்த இடம் கீழ் வகுப்பில் போய் உட்காரும், 0 மி.மீ. எந்த வகுப்பிலும் சேராமல் என்ஏ ஆகிவிடும். காலிக் கட்டம் இங்கே என்ஏவாகவே இருக்கும், கேஸ்_வென் மாதிரி வேறு எதற்குள்ளும் நழுவாது. எனக்கு இது ஒன்றே போதும் கட்( ) பிடித்துப்போக.

எல்லைக் கோட்டில் மட்டும் தகராறு

மணிக்கு மணி வந்த மழையைக் கூட்டினால் திரையில் 64.5 என்று காட்டுகிறது, ஆனால் >= 64.5 கேட்டால் ஃபால்ஸ். 0.1 + 0.2 == 0.3 என்று அடித்துப் பாருங்கள், ஃபால்ஸ் வரும். கணினிக்கு 0.1ஐ இரும எண்ணில் முழுசாக எழுத வராது, பத்தில் ஒன்றுகளை இருபத்துநான்கு முறை கூட்டினால் கடைசி இலக்கத்தில் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ செய்யலாம். 64.5 அரை என்பதால் இருமத்தில் சரியாக எழுத வருகிற எண்தான், கூட்டித்தான் கெடுக்கிறோம். மழைமானி ஒரு தசம இடத்துக்கு மேல் சொல்லாது என்பதால் ரவுண்ட்(மழை, 1) >= 64.5 என்று எழுதிவிட்டால் போதும். இரண்டு எண்கள் சமமா என்று மட்டும் கேட்க வேண்டுமென்றால் == வேண்டாம், இஸ்ட்ரூ(ஆல்.ஈக்வல்( )) அல்லது டிப்ளையரின் நியர்( ).

பெயர் ஒன்றுதான், கண்ணுக்கு ஒன்றுதான், == ஃபால்ஸ் என்கிறது

இது ஒரு முழு மதியத்தைத் தின்ற பிழை, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் சுலபமானது. நிலையம் == சி("போரூர்", "கிண்டி") என்று எழுதக் கூடாது. ஆர் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி வரிசையாக ஒட்டிப் பார்க்கும், முதல் வரி போரூரா, இரண்டாவது கிண்டியா, மூன்றாவது போரூரா என்று. வரிகள் இரட்டைப்படை என்றால் எச்சரிக்கை கூட வராது, பாதி வரிகள் காணாமல் போயிருக்கும். நிலையம் %இன்% சி("போரூர்", "கிண்டி") என்பதுதான் சரி. அடுத்து, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடம், டிரிம்டபிள்யூஎஸ்( ) அதை வெட்டும், ஆனால் இணையப் பக்கத்திலிருந்து நகல் எடுத்தால் வருகிற உடையாத வெற்றிடத்தை அது இயல்பாக வெட்டாது.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை. இரண்டு தாள், இரண்டிலும் “போரூர்”. ஒன்றில் தட்டச்சு செய்தது, இன்னொன்று ஏதோ பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசியில் என்கேர்( ) போட்டு எழுத்துகளை எண்ணினேன், ஒன்று 6, இன்னொன்று 7!

யூனிகோடில் “போ” என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ப, அதற்குப் பின் “ோ” என்ற ஒரே குறி. அல்லது ப, அப்புறம் இரட்டைக்கொம்பு “ே”, அப்புறம் கால் “ா” என்று இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் == உள்ளே இருக்கிற குறியீட்டைத்தான் ஒப்பிடுகிறது, உருவத்தை அல்ல. கொ, கோ, கௌ வரிசை எழுத்து உள்ள எந்தப் பெயருக்கும் இது நடக்கும்: கொளத்தூர், சோழிங்கநல்லூர், கோயம்பேடு. கிண்டிக்கும் அடையாறுக்கும் நடக்காது, அதனால்தான் சில நிலையங்கள் மட்டும் விடுபட்டன, அதனால்தான் நானும் நிரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்ட்ரிங்கி தொகுப்பில் ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி( ) என்று ஒன்று இருக்கிறது, இரண்டு தாளின் பெயர் நெடுவரிசையையும் அதன் வழியாக விட்டு எடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ்ப் பெயரோடு வேலை செய்கிற எவரும் தாளைப் படித்த அடுத்த வரியிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

தேதி கேட்டால் 16770 என்கிறது

இஃப்எல்ஸின் குணம். அது தேதி என்ற சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கிற எண்ணைக் கொடுத்துவிடும், 1970 ஜனவரி 1லிருந்து எத்தனையாவது நாள் என்று. 16770 என்றால் 2015 டிசம்பர் 1. டிப்ளையரின் இஃப்_எல்ஸ் போட்டால் தேதி தேதியாகவே வரும், அது இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற வகையாக இருக்க வேண்டும் என்று கறாராகவும் கேட்கும், மிஸ்ஸிங் = என்று காலிக்குத் தனி இடமும் வைத்திருக்கிறது. இஃப்எல்ஸைப் பற்றி இன்னொன்று: விடையின் நீளம் நிபந்தனையின் நீளம்தான். ஒற்றை ட்ரூவைக் கொடுத்து மூன்று எண்களைத் திருப்பக் கேட்டால் முதல் எண் மட்டும் வரும். அங்கே வேண்டியது சாதாரண இஃப்.

மதிப்பு தானாக 5 ஆகிவிடுகிறது

வழக்கமான வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்று ஒரு எண், அது மைனஸ் 5க்குக் கீழே போனதா என்று பார்க்க இஃப் (விலகல்<-5) என்று இடைவெளி விடாமல் எழுதினால், ஆருக்கு அது விலகலுக்குள் 5ஐப் போடு என்கிற உத்தரவு. போட்டுவிடும். 5 பூஜ்ஜியம் இல்லை என்பதால் நிபந்தனையும் ட்ரூ. சென்னையில் தினம் தினம் அப்படிக் குளிராது என்பதால்தான் மாட்டினேன், இல்லாவிட்டால் நம்பியிருப்பேன். குறிகளுக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள், < -5 என்று.

வடிகட்டினால் முழுக்க என்ஏ ஆன வரிகள் வருகின்றன

தாள்[தாள்$மழை >= 64.5, ] என்று எடுத்தால் காலிக் கட்டம் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பேய் வரி வரும், பெயர் உட்பட எல்லாமே என்ஏ. விச்( ) என்று நிபந்தனையைச் சுற்றினால் போய்விடும், சப்செட்( ), ஃபில்டர்( ) இரண்டும் தாமாகவே விட்டுவிடும். விடுவது சரிதானா என்பது வேறு விஷயம், என்ரோ( ) போட்டு வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால் யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது தயவுசெய்து போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். டீபுட்(ஹெட்(தாள், 10)) ஓட்டினால் கீழே ஒரு நீளமான, அசிங்கமான எழுத்துக் குவியல் வரும், அதை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். படத்தில் 64.5 என்பது எண்ணா எழுத்தா தெரியாது, பெயருக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறதா தெரியாது. டீபுட்டில் தெரியும், வாங்கியவர் அதைத் தன் கணினியில் ஒட்டி ஓட்டியும் பார்க்கலாம். அந்தப் பெண் இப்போது மேசைக்கு வருவதில்லை, டீபுட்டை ஒட்டி அனுப்புகிறாள், பாதி நேரம் அடுத்த நிமிடமே “விடுங்கக்கா, பாத்துட்டேன், கேரக்டர்” என்று இன்னொரு செய்தி வருகிறது.